‘எல்லாம் மனசுதான்’ என்று சொன்ன பிறகு: மயஸ்தீனியாவோடு வாழும் ஒரு பெண் – நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மனநல மையத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். இங்கே எழுதுவது மயஸ்தீனியா என்ற அரிய தசைத் தளர்ச்சி நோயோடு எங்களிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றி. இதில் என்னுடைய தவறுகளும் இருக்கின்றன. அவற்றை மறைத்தால் எழுதுவதில் பயனில்லை. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் அவரே திருத்தமும் சொன்னார். பெயர் கிடையாது. வயது, வேலை, குடியிருக்கும் பேட்டை ஆகியவற்றில் அடையாளம் தெரியாதபடி சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். நோயின் போக்கும் நாங்கள் எடுத்த முடிவுகளும் நடந்தபடியே இருக்கின்றன.

பின்னணி

அப்போது அவருக்கு 33 வயது. ஸ்ரீராமபுரத்தில் கணவர், மாமியார், ஏழு வயது மகளோடு இருந்தார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். கணவருக்கு அச்சகத்தில் வேலை. இவர் ஒரு நிறுவனத்தில் தமிழ் வாடிக்கையாளர்களின் போன் அழைப்புகளை எடுத்துப் பேசும் வேலையில் ஆறு வருடமாக இருந்தார். நல்ல குரல், பொறுமையான பேச்சு என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியவர்.

2021 கடைசியில் ஒரு சாயங்காலம், பள்ளி விழாவுக்காக மகளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தார். முதல் சடை முடிந்தது. இரண்டாவது சடை பாதியில் இருக்கும்போது கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. “யாரோ என் கையைப் பிடிச்சு மெதுவா கீழே வச்ச மாதிரி இருந்தது” என்று பின்னாளில் சொன்னார். அன்று மகள் ஒரு சடையோடு விழாவுக்குப் போனாள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றால் வரும் பஸ்ஸின் நம்பர் இரண்டாகத் தெரியும். கண் மருத்துவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். நிறுவனத்தில் அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிறவர்கள் ‘குரலில் சிரிப்பு இல்லை’ என்று மார்க் குறைத்தார்கள். தண்ணீர் குடித்தால் சில நேரம் மூக்கு வழியாக வரும். காது மூக்கு தொண்டை மருத்துவர் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்.

ராத்திரிச் சாப்பாடுதான் பெரிய கஷ்டம். நாலு வாய் மென்றதும் தாடை நின்றுவிடும். கீழே தொங்கும் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தட்டின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால் நம் வீடுகளில் சும்மா விடுவார்களா? “கன்னத்துல கை வைக்காதேம்மா, வீட்டுக்கு ஆகாது. என்ன குறை உனக்கு?” என்று மாமியார் தினமும் கேட்டார். மனக்கவலை என்றால் கன்னத்தில் கை என்று காலம் காலமாகப் பழகிய கண் அது. தாடை விழாமல் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். அவரை யாரும் நம்பாததற்கு அதுதான் முக்கியமான காரணம். காலையில் குடம் தூக்குகிறவர் சாயங்காலம் சீப்புப் பிடிக்க முடியவில்லை என்றால் வீட்டில் வேறு பெயர் வைப்பார்கள். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, பி12 எல்லாம் சரியாக இருந்தன. குடும்ப மருத்துவர் ‘டென்ஷன்தான், கவுன்சலிங் போய்ப் பாருங்க’ என்றார். இப்படித்தான் செப்டம்பர் 2022-ல் எங்கள் மையத்துக்கு வந்தார்.

முதல் மூன்று சந்திப்புகள்

மூன்றும் காலை 11 மணிக்கு. அவருக்கு அப்போது மத்தியான ஷிஃப்ட். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருவதற்கு அந்த நேரம்தான் தோது. நன்றாகப் பேசினார். கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார். என் கேஸ் ஷீட்டில் அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘முகத்தில் உணர்ச்சி குறைவு. சிரிப்பதில்லை. களைப்பு, பசியின்மை, பேச்சில் வேகக் குறைவு. மாமியாரோடு உரசல். மிதமான மனச்சோர்வு.’

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளில் 27-க்கு 14 வந்தது. மொத்தத்தைப் பார்த்தால் மிதமான மனச்சோர்வுதான். ஆனால் அந்த 14 எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. களைப்புக்கு 3, சாப்பாட்டுக்கு 3, பேச்சும் அசைவும் மந்தமானதற்கு 3, தூக்கத்துக்கு 2. உடலைப் பற்றிய கேள்விகளிலேயே 11 வந்துவிட்டது. சோகமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு 1. எதிலும் ஈடுபாடு இல்லாமல் போய்விட்டதா என்ற கேள்விக்கு 0. பிடித்த வேலை எல்லாம் இன்னும் பிடித்துத்தான் இருக்கிறது, செய்யத்தான் முடியவில்லை என்று அவர் வாயாலேயே சொன்னார். நான் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

‘முகத்தில் உணர்ச்சி குறைவு’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனச்சோர்வில் முகம் வாடும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். முகத் தசை பலவீனமானாலும் முகம் அதேபோலத்தான் தெரியும். அவர் சிரிக்க முயன்றுகொண்டுதான் இருந்தார். வாயின் ஓரங்கள் மேலே ஏறவில்லை. மேலுதட்டின் நடுப்பகுதி மட்டும் தூக்கிக்கொண்டு பல் தெரிந்தது. கோபத்தில் உறுமுவதுபோல் இருந்தது என்று அவருடைய மகள் சொல்லியிருக்கிறாள். அதனால் அவர் சிரிப்பதையே நிறுத்தியிருந்தார். நானோ அதை மனதின் அடையாளமாக எழுதி வைத்தேன்.

நான்காவது சந்திப்பும் ஒரு சீட்டும்

அக்டோபர் நடுவில் அவருடைய ஷிஃப்ட் மாறியது. சந்திப்பைச் சாயங்காலம் ஐந்தரைக்கு வைத்தோம். எட்டு மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்திருந்தார். உட்கார்ந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். குரல் மூக்கால் வர ஆரம்பித்தது. பிறகு சொற்கள் குழைந்தன. வலது இமை மெதுவாக இறங்கிக் கருவிழியில் பாதியை மூடியது. இதே பெண்ணை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை.

வாரத்தில் இரண்டு நாள் வரும் எங்கள் மனநல மருத்துவர் அன்று பக்கத்து அறையில் இருந்தார். கூப்பிட்டேன். அவர் மேலே பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் அப்படியே இருக்க வைத்தார். இரண்டு இமையும் இறங்கின. தேநீர்க் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வரச் சொல்லி, துணியில் சுற்றி, மூடிய வலது கண்ணின் மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் அந்த இமை மட்டும் திறந்துகொண்டது. குளிர்ச்சியில் நரம்பும் தசையும் சேருமிடத்தில் சமிக்ஞை சற்று நன்றாகக் கடத்தப்படும். மயஸ்தீனியாவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் செய்யும் எளிய சோதனை இது. நிம்ஹான்ஸ் நரம்பியல் பிரிவுக்கு அன்றே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தவள் நான். ‘நிம்ஹான்ஸ்ல போய்க் காட்டுங்க’ என்று மட்டும் சொன்னேன். இது என் இரண்டாவது தவறு. முதல் தவறைவிட இதில் அதிகம் இழந்தோம்.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய மாநில மனநல மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிறுவனமும் சேர்ந்து 1974-ல் உருவான நிறுவனம் அது. நரம்பியலிலும் நாட்டின் முன்னணி இடங்களில் ஒன்று. பக்கவாதம், வலிப்பு, மூளைக்கட்டி என்று தினமும் ஏராளமானோர் போகிறார்கள். ஆனால் தெருச் சண்டையில் ‘நிமான்ஸ்ல சேர்த்துடுவேன்’ என்பதுதான் வசவு. பல மாதமாக ‘எல்லாம் மனசுதான்’ என்று கேட்டுக் கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், கவுன்சலிங் அறையில் வைத்து, அந்தப் பெயரை ஒரு விளக்கமும் இல்லாமல் சொன்னேன். கடைசியில் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் போயிற்று. அடுத்த சந்திப்புக்கு அவர் வரவில்லை. இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. விட்டுவிட்டேன்.

டிசம்பர் 2022

ஏழு வாரம் கழித்துச் சளி, காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அந்த வகை மருந்துகள் மயஸ்தீனியாவின் தசைப் பலவீனத்தை அதிகமாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே ‘கறுப்புக் கட்டம்’ எனப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கிறது. தொற்று மட்டுமே கூட நோயைத் தூண்டும். எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோய் இன்னதென்று தெரிந்திருந்தால் அந்த மாத்திரையைக் கொடுத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் சொல்லலாம்.

மூன்றாம் நாள் ராத்திரி எச்சில்கூட விழுங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. கணவர் ஆட்டோவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவசரப் பிரிவு மருத்துவர் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். சாதாரணமாக நாற்பது, ஐம்பது வரை எண்ண முடியும். இருபதுக்குக் கீழே போனால் மூச்சுத் தசைகள் தளர்கின்றன என்று பொருள். அவர் தமிழில் எண்ணினார். பதினொன்றில் நின்றது. அன்று இரவே வென்டிலேட்டர் போட்டார்கள்.

அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பது உறுதியானது. நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பிலிருந்து வரும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. அதனால் பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை தளர்கிறது, ஓய்வெடுத்தால் தேறுகிறது. காலையில் நன்றாக இருந்ததற்கும் சாயங்காலம் விழுந்ததற்கும் இதுதான் விளக்கம். லட்சம் பேரில் 15 முதல் 25 பேருக்கு வரும் அரிய நோய். பெண்களுக்குப் பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது.

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். செலவு லட்சங்களில் போனது. நகைகள் அடகுக்குப் போயின. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். தசைக்குச் சில மணி நேரம் பலம் தரும் பைரிடோஸ்டிக்மின் 60 மில்லிகிராம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதோடு எதிர்ப்புச் சக்தியை அடக்க ஸ்டீராய்டு, அசத்தியோபிரின் என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடர் சிகிச்சைக்கு நிம்ஹான்ஸ் நரம்பியல் பிரிவுக்கே போனார். அக்கம்பக்கத்தில் கேட்டால் ‘ஜெயதேவாவுக்குப் போறேன்’ என்று சொல்லிவிடுவார். இதய நோய் என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் அல்லவா.

திரும்பி வந்தபோது

ஜூன் 2023-ல் அவருடைய நரம்பியல் மருத்துவர் எங்களுக்கு போன் செய்தார். பரிசோதனைக்கு வரும்போது மீதி மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கணக்கு உதைத்தது. ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, “இருந்து என்ன ஆகப் போகுது டாக்டர்” என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பெயரைக் கேட்டதும் வர மாட்டேன் என்றாராம். கணவர்தான் எப்படியோ கூட்டி வந்தார்.

ஸ்டீராய்டால் முகம் வட்டமாக உப்பியிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் பேசுவதற்கு முன்பே அவர் பேசினார்: “அன்னைக்கு நான் அழலை மேடம். உடம்பு முடியலைன்னேன், மனசுன்னு சொன்னீங்க. இப்போதான் அழறேன். இப்போ மனசுன்னு சொன்னா, ‘பாத்தியா, அன்னைக்கே சொன்னோம்ல’ம்பாங்க. நான் யார்கிட்ட சொல்றது?”

அவருடைய எட்டு மாதச் சிக்கல் முழுவதும் அதில் இருந்தது. நோய்க்கு ஆன்டிபாடி ரிப்போர்ட் கிடைத்த பிறகுதான் வீட்டில் அவர் சொல்வதை நம்பினார்கள். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது, வாழப் பிடிக்கவில்லை என்று இப்போது வாயைத் திறந்தால், ரத்தம் கொடுத்து வாங்கிய அந்த நம்பிக்கை போய்விடும் என்று பயந்தார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அரிய நோய்க்காரர்களில் நோயின் பெயர் தெரிய வருடக்கணக்கில் அலைந்தவர்கள், வழியில் ‘மனசு’ என்ற பெயரைச் சுமந்தவர்கள், பிறகு மனம் உண்மையாகவே உடையும்போது அதைச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். இவருக்குப் பிறகு வேறு நோய்கள் உள்ள இரண்டு பேரிடமும் இதையே பார்த்தேன்.

அன்றும் அடுத்த சில வாரங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னவை இவை. இரவில் படுப்பதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். தூக்கம் கலைந்தால் ஒரே மூச்சில் எண்ணிப் பார்க்கிறார். முப்பது வந்தால் கண்ணை மூடுகிறார், இருபத்தைந்து என்றால் மறுபடி எண்ணுகிறார். ஓர் இரவில் இருபது, முப்பது தடவை. எண்ண எண்ண அந்தத் தசைகளே களைத்து எண்ணிக்கை குறையும், பயம் கூடும். ஐ.சி.யு.வில் குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைத் துணியால் கட்டியிருந்தார்கள். நினைவு முழுக்க இருந்தது, குரல் மட்டும் இல்லை. வார்டில் கேட்ட பீப் சத்தம் மாதிரி எது கேட்டாலும் உடம்பு விறைக்கிறது, குக்கர் விசில் உட்பட. வேலையில் சம்பளமில்லாத விடுப்பு. மகள் பள்ளியில் குடும்பப் படம் வரைந்தபோது அம்மாவுக்கு மட்டும் வாய் வரையவில்லை. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது. பொதுவாகச் சொன்னால் போதாது என்று நினைத்தேன். பழைய கேஸ் ஷீட்டை எடுத்து, நான் எழுதியதை வரி வரியாக அவருக்கு வாசித்தேன். ‘முகத்தில் உணர்ச்சி குறைவு’ என்ற வரியில் நிறுத்தச் சொன்னார். பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் ‘தசை’ என்று எழுதினார். கீழே தேதி போட்டு நான் கையெழுத்திட்டேன். அந்தத் தாள் இன்றும் கோப்பில் இருக்கிறது. அதற்கு அடுத்த சந்திப்புக்கு அவரே தனியாக வந்தார்.

உயிர் பற்றிய கவலையைத் தள்ளிப்போட முடியாது. ‘இருந்து என்ன’ என்றதன் பொருளை நேராகவே கேட்டேன். செத்துப்போகத் திட்டம் எதுவும் இல்லை, மாத்திரை போடாமல் விட்டால் தானாகவே முடிந்துவிடும் என்று பல நாள் நினைத்ததாகச் சொன்னார். மாத்திரை வேளைகளில் கணவர் கூட இருப்பது, வேலையில் இருந்தால் போனில் கேட்பது, மனம் அந்தப் பக்கம் போனால் முதலில் அவருடைய அக்காவுக்கு, பிறகு எங்களுக்கு, நடுராத்திரியானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்கு என்று ஒரு தாளில் எழுதிப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினோம். அந்த எண்ணில் தமிழிலும் பேசலாம். பேச்சு குழறினால் குடித்துவிட்டுப் பேசுவதாக நினைப்பார்களே என்று தயங்கினார். ‘எனக்கு மயஸ்தீனியா இருக்கிறது, பேச்சு இப்படித்தான் வரும்’ என்ற முதல் வாக்கியத்தையும் அதே தாளில் எழுதிக்கொண்டோம்.

அளவுகோலை மாற்றினோம். எச்.ஏ.டி.எஸ். என்ற கேள்வித்தாள் உடல்நோய் உள்ளவர்களுக்காகவே 1983-ல் உருவாக்கப்பட்டது. களைப்பு, பசி, தூக்கம் போன்ற உடல் அறிகுறிகளை அது பெரும்பாலும் கேட்பதில்லை. அதில் மனச்சோர்வு 21-க்கு 15, பதற்றம் 16. 11 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டும். இந்த முறை அது நோயின் நிழல் அல்ல, மனச்சோர்வேதான்.

மருந்து கொடுப்பதில் எங்கள் மனநல மருத்துவர் அவசரப்படவில்லை. நரம்பியல் மருத்துவரோடு போனில் பேசிய பிறகே ஜூலையில் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை 25 மில்லிகிராமில் தொடங்கினார். தூக்க மாத்திரையை இருவருமே வேண்டாம் என்றார்கள். மூச்சுத் தசை பலவீனமான ஒருவருக்கு அது ஆபத்தாகலாம். ஸ்டீராய்டே மனநிலையைக் குலைக்கக்கூடியது என்பதால் அதன் அளவை எப்படி, எப்போது குறைப்பது என்றும் அந்தப் பேச்சில் முடிவானது. தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அட்டையில் ஒட்டி, பர்ஸில் ஒன்று, கணவரிடம் ஒன்று, மகளின் பள்ளிப் பையில் ஒன்று என்று வைத்தார்கள்.

சந்திப்பை அவருடைய மாத்திரைக்குப் பொருத்தினோம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அரை மணி நேரம் மட்டும். பேச முடியாத நாளில் எழுதிக் காட்டலாம், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் தட்டலாம். மூச்சு எண்ணுவதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. அது அவருக்கு உண்மையான ஓர் எச்சரிக்கைக் கருவி. காலை ஒன்று, இரவு ஒன்று, நோட்டில் குறிப்பது, எண்ணிக்கை 20-க்குக் கீழே போனாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனை என்று நரம்பியல் மருத்துவரிடமே எல்லையை வாங்கிக்கொண்டோம். நடுவில் எண்ணத் தோன்றினால் பத்து நிமிடம் தள்ளிப்போடுவது, அப்புறம் இருபது நிமிடம்.

மாமியாரை அழைத்துப் பேசியது ஜூலை கடைசியில், சாயங்காலம். வேண்டுமென்றேதான் அந்த நேரம். ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கினேன், தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இமை இறங்க ஆரம்பித்தபோது ஐஸைத் துணியில் சுற்றி மாமியார் கையிலேயே கொடுத்து, மருமகள் கண்ணில் வைக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம். எடுத்தார். இமை திறந்தது. மறுபடி கொஞ்ச நேரத்தில் மெல்ல இறங்கியது. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “ஏம்மா, அப்போ கன்னத்துல கை வச்சது…” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்கே, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், குழைய வடித்து வைக்கிறார் என்று மருமகள் சொன்னார்.

தொடர்ந்து நடந்தவை

எல்லாம் நேராகப் போகவில்லை. செர்ட்ராலின் தொடங்கிய முதல் பத்து நாள் படபடப்பு கூடியது, நிறுத்திவிடலாமா என்று யோசித்தோம். பொறுத்தோம். நான்காம் வாரத்துக்குப் பிறகு அழுகை குறைந்தது, மாத்திரைக் கணக்கும் சரியாக வந்தது.

இதே நோய் உள்ளவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவரைச் சேர்க்கச் சொன்னது என் யோசனை. அது பிசகிவிட்டது. யாரோ ஒருவர் வென்டிலேட்டரில், யாரோ ஒருவர் போய்விட்டார் என்று நாளுக்கொரு செய்தி. ஐ.சி.யு.விலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒருவரை அதற்குள் தள்ளியிருக்கக் கூடாது. ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டார். இரவில் மூச்சை எண்ணிப் பார்ப்பது மறுபடி பதினைந்து தடவைக்குப் போனது. பிறகு நரம்பியல் மருத்துவர் வழியாக வேறு ஊரில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் தொடர்பு கிடைத்தது. ஐம்பது வயது, பதினெட்டு வருடமாக இந்த நோயோடு இருப்பவர், டெய்லர். இரண்டு பேரும் காலை பத்து மணிக்குத்தான் பேசிக்கொள்வார்கள், இரண்டு பேருக்குமே குரல் நன்றாக இருக்கும் நேரம் அது. தலைவாரும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்வது, ஈரத்துணியை வாளியோடு தூக்காமல் இரண்டு இரண்டாக எடுத்துப் போவது என்று நான் சொல்லித் தர முடியாதவற்றை அவர் சொல்லித் தந்தார்.

வேலை விஷயத்தில் நிறுவனத்துக்கு மருத்துவச் சான்றிதழோடு கடிதம் எழுதினோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளையும் தன் 21 வகைகளில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் காலையில் பரிசோதித்தால் நல்ல ஆள், சாயங்காலம் பரிசோதித்தால் நோயாளி என்கிற ஒருவருக்குச் சதவீதம் போட்டுச் சான்றிதழ் வாங்குவது எளிதல்ல. அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. மூன்று மாதம் அலைந்த பிறகு போன் வேலையிலிருந்து எழுத்து அரட்டை வழியாகப் பதில் சொல்லும் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைவு. ‘இதுல குரல்ல சிரிப்பு இருக்கான்னு யாரும் பாக்க மாட்டாங்க’ என்றார்.

ஜனவரி 2024-ல், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும், எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புள்ள தைமஸ் சுரப்பியை எடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அவரைப் போன்ற நோயாளிகளுக்கு அது பலன் தருவதாக 2016-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அறுவைக்கு முன் அவருக்கு இருந்த பயம் கத்தி மேல் அல்ல, மறுபடி குழாய் போடுவார்களே என்பதுதான். மயக்க மருத்துவரை முன்கூட்டியே சந்திக்க வைத்தோம். விழித்ததும் கை கட்டாமல் இருக்கும், பக்கத்தில் எழுத்துப் பலகை இருக்கும் என்று அவர் உறுதி சொன்னார், அப்படியே செய்தார்.

பிப்ரவரி 2024-ல் அதே எச்.ஏ.டி.எஸ். கேள்வித்தாளில் மனச்சோர்வு 7, பதற்றம் 10. ஜனவரி 2025-ல் 5, 9. பதற்றம் முழுதாகப் போகவில்லை. மழைக்காலத்தில் வீட்டில் யார் தும்மினாலும் மூச்சை எண்ணிப் பார்ப்பது கூடுகிறது. ஸ்டீராய்டு அளவு பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. படுத்துத் தூங்குகிறார், இரண்டு தலையணை வைத்து.

முகத்தில் காலை நேரத்தில் சிரிப்பு வருகிறது, சாயங்காலம் வருவதில்லை. அம்மாவும் மகளும் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் அம்மா ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்தால் சிரிக்கிறார் என்று அர்த்தம். முதலில் இதை என்னிடம் சொன்னது மகள்தான். எந்தக் கன்னம் என்றுகூடத் தெளிவாகக் காட்டினாள்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

களைப்பு என்று வருகிறவரிடம் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டிருக்க வேண்டும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என இரண்டு நேரத்திலும் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். எங்கள் மையத்துப் படிவத்தில் இப்போது அந்தக் கேள்வியும், பார்த்த நேரத்தைக் குறிக்கும் கட்டமும் இருக்கின்றன. முகத்தில் தெரிவதை எழுதும்போது ‘சிரிக்கச் சொன்னால் முடிகிறதா’ என்று பார்த்து எழுதுகிறோம். கேள்வித்தாளின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதிக் கோப்பை மூடுவதில்லை.

சீட்டைக் கொடுப்பது பரிந்துரை ஆகாது. எந்தப் பிரிவு, எதற்காக, உள்ளே எந்த வழியாகப் போக வேண்டும், வீட்டில் என்ன சொல்வது என்பதை உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். முடிந்தால் கூடவே போயிருக்க வேண்டும். இப்போது நிம்ஹான்ஸ் நரம்பியலுக்கு யாரையாவது அனுப்பினால் முதல் நாள் எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். வராமல் போனவரை இரண்டு போனோடு விடுவதும் இல்லை, வீட்டுக்குப் போகிறோம்.

கணவரை நான் விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக மாத்திரை எண்ணுவது, ராத்திரி மூச்சைக் கேட்டபடி படுத்திருப்பது, அடகுக் கடை வட்டி எல்லாம் அவர் தலையில். ஒருநாள் மனைவியைக் கூட்டிப்போக வந்தவர் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டிருந்தார். எழுப்பியபோது சட்டென்று மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டே எழுந்தார். எத்தனையோ தடவை அந்த பெஞ்சில் அவரைப் பார்த்திருக்கிறேன், ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று அன்றுதான் முதல்முறை கேட்டேன். ‘எனக்கென்ன மேடம், நல்லாத்தான் இருக்கேன்’ என்றார். போன மாதம் மறுபடி பேசினேன். ஞாயிற்றுக்கிழமை அச்சகம் லீவு, வருகிறேன் என்றிருக்கிறார். இரண்டு ஞாயிறு போய்விட்டது. இந்த வாரம் நானே ஸ்ரீராமபுரத்துக்குப் போகிறேன்.